நூலகத்தில் ஒலிக்கும் இசை

நுழையும்முன்

நூலகம் என்றதும் ‘அமைதி காக்கவும்’ என்னும் அறிவிப்புப் பலகையே பலர் நினைவுக்கு வரும். அத்தகைய நூலகத்திற்குள் வயலினும் பியானோவும் ஒலிப்பதற்கென்றே ஓர் அரங்கம் எழுந்த வரலாறும் உண்டு. இசையையும் அரிய ஏடுகளையும் கட்டணமின்றி மக்கள்முன் வைப்பது நூலகத்தின் கடமையா, அல்லது அதன் பணிக்கு அப்பாற்பட்ட ஆடம்பரமா? அவ்வினாவுக்கு ஒரு நூலகத்தின் வரலாறு தரும் விடையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சங்கிலியும் ஏடும்

ஐரோப்பாவின் பழைய நூலகங்கள் பலவற்றில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தனர். நூல்களைக் கையால் எழுதிப் படியெடுத்த காலத்தில் ஒன்றை இழந்தால் அதனை மீண்டும் பெறுவது அரிது. எனவே, நூலைக் காப்பதே நூலகத்தின் முதற்கடமை என்று கருதினர். சீர்காழியில் பிறந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் அக்கருத்தை மாற்ற முனைந்தார். 1931ஆம் ஆண்டு வெளிவந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்னும் தம் நூலில், நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதை முதல் விதியாக வைத்தார். காத்தல் வேண்டும், அக்காத்தலும் பயன்பாட்டிற்காகவே வேண்டும் என்பது அவ்விதி உணர்த்தும் பொருளாகும்.

இவ்விதியை இசைக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கதை நூலைக் கையில் எடுத்தவர் அதனைத் தாமே படித்துவிடலாம். இசைக்குறிப்பேட்டைக் கையில் எடுத்தவர்க்கு, அதனைப் படிக்கும் பயிற்சி இல்லையெனில், அது வெறும் கோடுகளும் புள்ளிகளுமாகவே தோன்றும். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும்போதுதான் அவ்வேடு பலருக்கும் பயன்படுகிறது. அவ்வாறாயின், இசைக்குறிப்பேடுகளைத் தொகுத்து வைக்கும் நூலகம் அவற்றை ஒலிக்கச் செய்யவும் கடமைப்பட்டுள்ளதா? இவ்வினாவுக்குச் செயலால் விடை தந்தது, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம்.

ஓர் அரங்கத்தின் பிறப்பு

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். அதன் உறுப்பினர்களுக்காக 1800ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நூலகம், காலப்போக்கில் பொதுமக்களுக்கும் திறந்த தேசிய நூலகமாக வளர்ந்தது. பதிப்புரிமைப் பதிவுக்காக அனுப்பப்பட்ட இசைக்குறிப்பேடுகள் அங்குப் பெருமளவில் சேர்ந்தன. அவற்றைப் பேணுவதற்கு இசைப்பிரிவு ஒன்றும் அமைந்தது. ஆயினும், அங்கு அவற்றை வாசித்துக் காட்டுவதற்கு ஏற்ற அரங்கம் இல்லை.

அக்குறையை நீக்க முன்வந்தவர் எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் (1864–1953). சிகாகோவில் பிறந்த இவர் தேர்ந்த பியானோ கலைஞர், இசையமைக்கவும் அறிந்தவர். 1915, 1916ஆம் ஆண்டுகளில் பெற்றோரையும் கணவரையும் அடுத்தடுத்து இழந்த இவர், தம்மிடம் வந்துசேர்ந்த செல்வத்தை இசைக்கே செலவிடத் துணிந்தார். இவருக்குச் செவித்திறன் குறைபாடு இருந்தது. தமக்கு மங்கி வந்த இன்பத்தைப் பிறர் குறைவின்றிப் பெற வேண்டும் என்பதற்காகவே அவர் பொருள் ஈந்தார் எனக் கருதவும் இடமுண்டு.

சிறு குழுவினர் வாசிக்கும் நுண்ணிசைக்கு ஏற்ற அரங்கம் ஒன்றை நூலக வளாகத்திற்குள் கட்டுவதற்கு அவர் 60,000 டாலர் வழங்க முன்வந்தார். அரசு நூலகம் இத்தகைய கொடையை ஏற்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1925 ஜனவரியில் அவ்வொப்புதல் கிடைத்தது. மார்ச் மாதத்தில், நூலகத்திற்கு வரும் கொடைகளை நிலைமுதலாக வைத்துப் பேணுவதற்குரிய வாரியம் ஒன்றை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், ஏறத்தாழ 500 இருக்கைகளைக் கொண்ட கூலிட்ஜ் அரங்கம் திறக்கப்பட்டது.

இச்சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். செல்வர் ஒருவரின் ஆர்வம் அவர் காலத்தோடு முடிந்துவிடக்கூடும். கொடையை நிலைமுதலாக்கி, அதன் வருவாயைக் கொண்டு ஆண்டுதோறும் இசைநிகழ்ச்சி நடத்தும் பொறுப்பை நூலகத்திடம் ஒப்படைத்தபோது, தனிமனிதரின் ஆர்வம் ஒரு பொது நிறுவனத்தின் கடமையாயிற்று.

அரங்கில் பிறந்த படைப்புகள்

பழைய இசையை ஒலிக்கச் செய்வதோடு அரங்கின் பணி நின்றுவிடவில்லை. புதிய படைப்புகளை உருவாக்கித் தருமாறு இசையமைப்பாளர்களைக் கூலிட்ஜ் அறக்கொடை வேண்டியது. ரஷ்யாவில் பிறந்த இகோர் ஸ்திராவின்ஸ்கியின் ‘அப்போலோ’ என்னும் நடனப் படைப்பு 1928 ஏப்ரலில் இங்குதான் முதன்முதலாக அரங்கேறியது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்த்தோக்கின் ஐந்தாம் நால்வர் நரம்பிசைப் படைப்பும் கூலிட்ஜின் வேண்டுகோளால் உருவாகி, 1935ஆம் ஆண்டு வாஷிங்டனில் முதன்முதலாக ஒலித்தது.

ஆரன் காப்லண்டின் ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ 1944 அக்டோபர் 30ஆம் நாள் இவ்வரங்கில் அரங்கேறியது. மார்த்தா கிரகாமின் நடனத்திற்காக அமைக்கப்பட்ட இசை அது. மேடைக்கு முன்னர் இசைஞர் அமரும் இடம் சிறிது. ஆதலால், 13 இசைக்கருவிகளுக்கு மட்டுமே காப்லண்ட் இசையமைத்தார். இடத்தின் சிறுமையே அவ்விசைக்குத் தனித்தன்மையைத் தந்தது. அடுத்த ஆண்டு அப்படைப்பு புலிட்சர் பரிசைப் பெற்றது. ஏட்டில் இருந்த இசையை ஒலிக்கச் செய்யக் கட்டிய அரங்கம், பின்னர் அங்கு ஒலித்த இசையின் ஏடுகளையும் நூலகத்திற்குத் தேடித் தந்தது.

பூட்டி வைக்காத செல்வம்

இத்தாலியின் கிரிமோனா நகரில் வாழ்ந்த அந்தோனியோ ஸ்திராடிவாரி (மறைவு 1737) உருவாக்கிய இசைக்கருவிகள் உலகப் புகழ்பெற்றவை. அவர் செய்த மூன்று வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய ஐந்தையும் 1930களின் நடுப்பகுதியில் கெர்ட்ரூட் கிளார்க் விட்டால் என்னும் பெண்மணி காங்கிரஸ் நூலகத்திற்கு வழங்கினார். அவை 1697 முதல் 1727 வரையிலான ஆண்டுகளில் செய்யப்பட்டவை.

இத்தகைய அரும்பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடுவதே பாதுகாப்பு எனப் பலரும் எண்ணக்கூடும். விட்டாலின் விருப்பமோ வேறு. அவை நூலகத்திலேயே இருக்க வேண்டும். அங்கு வாசிக்கப்படவும் வேண்டும் என அவர் விரும்பினார். அவற்றை வாசிப்பதற்காகவே நிலையான கலைக்குழு ஒன்று நூலகத்திற்குத் தேவைப்பட்டது. புடாபெஸ்ட் நால்வர் குழு 1940 முதல் 1962 வரை அப்பணியை ஆற்றியது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னர் செய்யப்பட்ட கருவிகளின் ஒலியைச் சாதாரண மக்களும் நேரில் கேட்டனர். அவ்வொலி வானொலி வழியாகத் தொலைவில் இருந்தோரையும் சென்றடைந்தது.

யாவர்க்கும் திறந்த கதவு

கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஓர் அரங்கம் அனைவர்க்கும் உரியதாகிவிடாது. அக்கால வாஷிங்டனில் இனப்பாகுபாடு வேரூன்றியிருந்தது. 1939ஆம் ஆண்டு, கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அந்நகரின் கான்ஸ்டிடியூஷன் அரங்கில் பாட இடம் மறுக்கப்பட்டது. அவர் அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்று, லிங்கன் நினைவகத்தின் முன் திறந்தவெளியில், ஏறத்தாழ 75,000 மக்கள் திரண்டிருக்கப் பாடினார்.

அச்சூழலில் கூலிட்ஜ் அரங்கின் மேடை வேறொரு வழியில் சென்றது. 1938ஆம் ஆண்டு கறுப்பின ஜாஸ் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் அம்மேடையில் இருந்த பியானோவை வாசித்துப் பாடியும் தம் வாழ்வைப் பேசியும் பதிவு செய்தார். நாட்டார் பாடல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் அதனை இசைத்தட்டுகளில் பதிந்தார். எழுத்தில் இல்லாத ஒரு மரபு, நூலகத்தின் சேகரிப்பாயிற்று. 1940 டிசம்பரில், அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தத்தின் 75ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த நிகழ்ச்சியில் கோல்டன் கேட் நால்வர் குழுவும் ஜாஷ் வைட்டும் கறுப்பின மக்களின் பாடல்களை அதே அரங்கில் பாடினர். யாருடைய இசை பாதுகாக்கத்தக்கது என்னும் வினாவுக்கு நூலகம் தந்த விடையாக அதனைக் கொள்ளலாம்.

காட்டலும் காத்தலும்

இசைநிகழ்ச்சி ஏட்டைச் செவிக்கு உரியதாக்குகிறது. கண்காட்சி அதனைக் கண்ணுக்கு உரியதாக்குகிறது. ஆய்வாளர் ஒரு சுவடியைப் பெயர்சொல்லிக் கேட்டுப் பெறுவார். அப்படியொரு சுவடி இருப்பதையே அறியாதவர் எதனைக் கேட்பார்? அவருக்காகவே கண்காட்சி அமைகிறது.

எனினும், காட்டுவதில் இடர் உண்டு. 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலை அறிக்கை, 19ஆம் நூற்றாண்டில் ஒளிமிக்க இடத்தில் பல்லாண்டுகள் மாட்டப்பட்டிருந்தமையால் எழுத்துகள் மங்கிப்போயின. பின்னர், 1924ஆம் ஆண்டு காங்கிரஸ் நூலகம் அதனை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, தீங்கு செய்யும் ஒளிக்கதிர்களைத் தடுக்கும் படலம் இடையிட்ட இரட்டைக் கண்ணாடியைப் பொருத்தியது. இரண்டாம் உலகப்போரின்போது பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட அவ்வறிக்கை, 1944இல் மீண்டும் நூலகத்திற்கு வந்தது. 1952இல் தேசிய ஆவணக்காப்பகத்திற்கு மாற்றப்பட்டது.

‘அமெரிக்கா’ என்னும் பெயர் முதன்முதலாக இடம்பெற்ற 1507ஆம் ஆண்டு உலகப்படத்தில், இன்று எஞ்சியிருப்பது ஒரே படி. 12 தாள்களால் ஆன அதனை இந்நூலகம் 2003ஆம் ஆண்டு ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கி முடித்தது. ஆர்கான் வாயு நிரப்பி மூடிய பேழைக்குள் அதனை வைத்து மக்களுக்குக் காட்டுகிறது. காத்தலும் காட்டலும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இப்பேழை சான்றாகும்.

தெரிந்து தெளிவோம்

தாளும் மையும் ஒளியால் பழுதடையும். ஒருமுறை மங்கிய நிறம் மீளாது. எனவே, பழஞ்சுவடிகளைக் காட்சிக்கு வைக்கும்போது ஒளியின் அளவை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவிற்குள் வைத்திருப்பது வழக்கம். சில மாதங்களுக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்பி வைப்பதும், சுவடியையே மாற்றி வைப்பதும் உண்டு. கண்காட்சிக் கூடங்களில் ஒளி மங்கலாக இருப்பதன் காரணம் இதுவே.

கட்டணமின்மையின் பொருள்

இன்று காங்கிரஸ் நூலகத்தின் இசைநிகழ்ச்சிகளையும் கண்காட்சிகளையும் கட்டணமின்றிக் காணலாம். பாஸ்டன் பொது நூலகத்தின் 1895ஆம் ஆண்டுக் கட்டடத்தில், இந்நூலகம் அனைவர்க்கும் கட்டணமின்றி உரியது என்னும் பொருள்படும் சொற்கள் வாயிலின் மேல் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நூலகத்தின் முற்றத்திலும் கோடைக்காலத்தில் இசைநிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

கட்டணம் இல்லை என்பதற்குச் செலவு இல்லை என்பது பொருளன்று. கலைஞர்க்கு ஊதியம் தரவேண்டும், கருவிகளைப் பேணவேண்டும், பேழைகளைக் காக்கவேண்டும். அச்செலவைக் கொடையாளரும் அரசும், வரி செலுத்தும் மக்களும் முன்னரே ஏற்றுவிடுகின்றனர். ஆகவே, வாயிலில் நிற்பவர் பணம் உடையவரா என்று எவரும் கேட்பதில்லை.

இவ்வுண்மை தமிழ்நாட்டிற்கும் புதிதன்று. அரங்கநாதன் பல்லாண்டுகள் வலியுறுத்திய நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி பெறுவதற்கு அச்சட்டம் வழிவகுத்தது. ஊர்ப்புற நூலகத்தில் நாளிதழைப் பிரிக்கும் முதியவரும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் எவருடைய இரக்கத்தாலும் அங்கு அமர்ந்திருக்கவில்லை. ஊரார் செலுத்திய வரியால் அமைந்த அவ்விடம் அவர்களுக்கு உரிமையானது.

நூலாயினும் இசையாயினும் சுவடியாயினும், அதனை அடுத்த தலைமுறைக்குக் காத்துத் தருவதோடு, இத்தலைமுறை அதனைப் படிக்கவும் கேட்கவும் காணவும் வழிசெய்யும் நூலகமே தன் கடமையை முழுமையாக நிறைவேற்றுகிறது. அக்கடமையை நினைவூட்டும் பொறுப்பு நூலகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நூலகத்திற்குச் சென்று, அங்குள்ள பழைய நூல்கள், இதழ்கள் ஆகியவற்றைக் கொண்டு கண்காட்சி அமைக்கத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க.
2. ‘அரிய பொருள்களைக் காப்பதா, காட்டுவதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

குறுவினா
1. அரங்கநாதன் வகுத்த முதல் விதி உணர்த்தும் பொருள் யாது?
2. காப்லண்ட் 13 இசைக்கருவிகளுக்கு மட்டும் இசையமைத்தது ஏன்?

சிறுவினா
1. கூலிட்ஜின் கொடை பொது நிறுவனத்தின் கடமையானது எவ்வாறு?
2. கண்காட்சியில் வைக்கப்படும் சுவடிகளைப் பாதுகாக்கும் முறைகளை எழுதுக.

நெடுவினா
1. ‘கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஓர் அரங்கம் அனைவர்க்கும் உரியதாகிவிடாது’ – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.