அவளைக் கொல்லாமல் எழுதிப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் கையெழுத்துப் படியை இரண்டு முறை வாசித்துவிட்டேன். கீமோ வார்டில் சந்தித்துக்கொள்ளும் தக்கலைப் பையனும் குளச்சல் பெண்ணும் இன்னும் மனசில் நடமாடுகிறார்கள். உனக்கு எழுத வரும். அதனால்தான் குறைகளைத் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்த அருவி. கீமோ ஏற்றிய பத்தாம் நாள் இருவரையும் திற்பரப்பில் நனைய விடுகிறாய். வர்ணனை அழகுதான். ஆனால் பெரும்பாலான மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள்தான் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். 'கவுண்டு குறைஞ்சிட்டு' என்று வீட்டார் பதறும் நாட்கள் அவை. அப்போது காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று இருக்க முடியாது, ராத்திரியே ஓட வேண்டும். போதாததற்கு, மருந்து ஏற்றும் குழாய் அவள் கையிலேயே செருகியிருப்பதாக ஆறாம் அத்தியாயத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அதில் தண்ணீர் படக் கூடாது. குளிக்கப் போகுமுன் அம்மா பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிடுவாள். இருபது வயதுப் பெண் ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் சோப்புப் போடத் திணறுவாள். அருவியை விட்டுவிட்டு அந்தப் பையை எழுதியிருக்கலாமே?

காதலுக்கு இடம் எங்கே என்று கேட்பாய். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிப் போகிறது. கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன இரண்டு பேர் ஆளுக்கொரு வீட்டில், போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்ப்புண்ணில் அவனுக்குப் பேச்சு குழறுகிறது. மீன்கறி வாசம் அடுக்களையிலிருந்து வருகிறது, ஆனால் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்க முடியாது. மட்டிப்பழத்தை மசித்துத் தின்றதை அவளிடம் ஒரு சாதனைபோலச் சொல்கிறான். இது போதும்.

இரண்டாவது, உன் இருவரும் எப்போதும் தனியாக இருக்கிறார்கள். நம் ஊரில் நோயாளி தனியாக இருப்பதே இல்லை. என் சித்தி மகளுக்குத் துணையாக மாதக்கணக்கில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போய்வந்திருக்கிறேன். 1981-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியை நம் பக்கத்தில் 'ஆர்.சி.சி.' என்று சொன்னால்தான் தெரியும். விடியுமுன் பஸ் ஏறினால் களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளமாகிவிடும். மருத்துவக் குறிப்பு இங்கிலீஷில், நர்ஸ் பேசுவது மலையாளத்தில், சித்தி அழுவது நாஞ்சில் தமிழில். அந்த மூன்று மொழிகளுக்கும் நடுவே ஒரு பெண் தன் நோயைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறாள். மடியில் சோத்துப் பாத்திரத்தோடு அம்மா, ஃபைலை விடாத மாமா, நேரம் போகாமல் ஊர்க்கதை கேட்கும் பக்கத்து இருக்கைக்காரி. இத்தனை பேர் கண்ணுக்கும் தப்பிப் பத்து நிமிஷம் பேசக் கிடைப்பதற்குத்தான் அந்தக் காதலர்கள் பாடுபடுவார்கள்.

எவரெஸ்ட் ஏறப் போன ஹாவர்ட் சாமர்வெல்லைக் கேள்விப்பட்டிருப்பாய். 1922-ல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தைக் கண்டபிறகு, லண்டன் வேலையை வேண்டாமென்று விட்டு அங்கேயே வந்து தங்கினார். ஒரு டாக்டரின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது அந்தக் கூட்டம். உன் நாவலில் ஒரு வரிசைகூட இல்லை.

மூன்றாவது, உன் கதையில் சினிமா வாடை. 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1965-ல் 'நீர்க்குமிழி', 1982-ல் 'வாழ்வே மாயம்' என்று புற்றுநோயை வைத்து நாம் நிறைய அழுதிருக்கிறோம். 'வாழ்வே மாயம்' நாயகன் நோயைக் காதலியிடம் மறைத்து, அவள் வெறுத்துப் போகட்டும் என்று கெட்டவனாக நடிக்கிறான். கீமோ வார்டிலேயே சந்தித்தவளிடம் நோயை மறைக்க முடியாது என்றாலும், உன் பையனும் அவள் வெறுக்கட்டும் என்று அப்படித்தான் நடிக்கிறான். வீடுகளில் நடப்பது நேர்மாறு. குடும்பம் முழுக்கத் தெரியும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது. 'ஒண்ணும் இல்ல மக்கா, சின்னக் கட்டிதான்.' பெயரைச் சொன்னால் அது உள்ளே வந்துவிடும் என்பதுபோல 'தீனம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்கள். தன் நோயின் பெயரை அவள் முதன்முதலாக அவன் வாயிலிருந்து தெரிந்துகொண்டால்? உன் கதை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஜான் கிரீன் 2012-ல் எழுதிய 'த ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' உனக்கு முன்மாதிரி என்று தெரிகிறது. அது 2020-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு 'தில் பேச்சாரா' என்று இந்திக்கும் வந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சோகத்தை அல்ல. நாயகியைப் பிழைக்க வைத்திருக்கும் மருந்து தன் கற்பனை என்று அந்த ஆசிரியர் நூலிலேயே சொல்லிவிடுகிறார். எதை இட்டுக்கட்டினோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உனக்குத் தெரிந்திருக்கிறதா?

கேட்கக் காரணம் உன் கடைசி அத்தியாயம். குளச்சல் பெண்ணுக்கு நீ கொடுத்திருப்பது ஹாட்ஜ்கின் லிம்போமா. இளவயதில் வரும் புற்றுகளில் நன்றாகக் குணமாகிறவற்றில் ஒன்று அது. நீ எழுதியபடியே அவளுக்குச் சிகிச்சையும் ஒழுங்காக நடக்கிறது. ஆனாலும் இருபத்தேழாம் அத்தியாயத்தில், கன்னியாகுமரியில் சூரியன் மறையும் நேரத்தில் செத்துப்போகிறாள். அவளைக் கொன்றது நோயல்ல தம்பி, நீதான்.

அவளை உயிரோடு விட்டுப் பார். கதை அப்போதுதான் கஷ்டமாகும். முடி திரும்ப முளைக்கும், ஆனால் பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா, மறைப்பதா என்று வீடு இரண்டுபடும். குழந்தை பிறக்குமா என்று அவளிடம் கேட்கத் துணியாதவர்கள் அவள் அம்மாவிடம் கேட்பார்கள். அவன் வீட்டார் சாதியைச் சொல்வார்களா, நோயைச் சொல்வார்களா? ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் எழுதிய 'புத்தம் வீடு' நாவலில் லிஸிக்கும் தங்கராஜுக்கும் குறுக்கே நிற்க ஒரு நோயும் தேவைப்படவில்லை, குடும்பத்தின் பெருமையே போதுமாக இருந்தது. உன் காதலர்கள் நோயைத் தாண்டி வந்து அந்தச் சுவரில் முட்டட்டும்.

ஒரு மாதம் யாருக்காவது துணைக்குப் போ. நோட்டுப் புத்தகம் கொண்டுபோகாதே, அவர்களுடைய ஃபைலைச் சுமந்துகொண்டு போ. திரும்பி வந்ததும் இருபத்தேழாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, இருபத்தெட்டாவதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்