'தம்மின்' என்னும் ஒரு சொல்

பிள்ளையின் அறிவுடைமையைப் பற்றித் திருவள்ளுவர் கூறிய குறள் ஒன்று இருவகையாகப் பொருள் கொள்ளப்பட்டு வருகிறது. மக்கட்பேறு அதிகாரத்தில் வரும் 68ஆம் குறளே அது. தந்தையையும் பிள்ளையையும் அக்குறள் எவ்வாறு நிறுத்திக் காட்டுகிறது என்பது, அதன் முதற்சொல்லாகிய 'தம்மின்' என்பதனை எச்சொல்லோடு இயைக்கிறோம் என்பதைப் பொறுத்ததாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்புத் தேர்வில் இக்குறளுக்குப் பொருள் கேட்டிருந்தோம். மாணவி ஒருவர், "தம்மைவிடத் தம் பிள்ளைகள் அறிவுடையவராதல் உலகத்தார்க்கு இனிது" என்று எழுதியிருந்தார். யாம் கற்பித்த பொருள் அதுவன்று. ஆகவே மதிப்பெண் வழங்கவில்லை. அவர் பணிவுடன் வந்து, "ஐயா, என் வாப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். இந்தக் குறளை அப்படித்தானே படிக்க முடிகிறது?" என்று கேட்டார். அக்கேள்வியே எம்மை மீண்டும் உரைகளை நோக்கச் செய்தது.

இருவகை இயைபு

'தம்மின்' என்பது 'இன்' என்னும் ஐந்தாம் வேற்றுமை உருபு ஏற்ற சொல். 'தம்மைக் காட்டிலும்' என்பது இங்கு அதன் பொருள். குறளின் இறுதியில் நிற்கும் 'இனிது' என்பதனோடு இதனை இயைத்தால், பிள்ளைகளின் அறிவுடைமை பெற்றோர்க்கு இனிதாவதைவிட உலகத்து உயிர்கட்கு இனிது என்றாகும். பரிமேலழகர் இவ்வாறே கொண்டார், டாக்டர் மு. வரதராசனாரும் இவ்வழியே சென்றார். அண்மையில் நிற்கும் 'அறிவுடைமை' என்பதனோடு இயைத்தால், பெற்றோரை விஞ்சிய அறிவு என்றாகும். 1886இல் வெளிவந்த ஜி. யு. போப்பின் மொழிபெயர்ப்பும், கலைஞர் மு. கருணாநிதியின் உரையும் இவ்வாறு கொண்டன.

எது பொருந்தும்?

முன்னதற்கு 'தமக்கு இனிதாதலினும்' என விரிக்க வேண்டும். பின்னதற்கு 'மிக்க' என ஒரு சொல்லை வருவிக்க வேண்டும். இலக்கணத்தால் இரண்டும் ஏற்கத்தக்கனவே. சொற்கிடக்கையின் அண்மை இரண்டாம் பொருளுக்குத் துணை நிற்கிறது. இடமோ முதற்பொருளுக்குத் துணை செய்கிறது. முந்தைய குறள், பிள்ளையை அவையில் முந்தியிருக்கச் செய்தலே தந்தையின் கடன் என்கிறது. அடுத்த குறள் தாயின் மகிழ்வைக் கூறுகிறது. இடையில் நிற்கும் இக்குறள், தந்தையினும் அவையத்தார் உவப்பர் என்பதைக் கூறுவதாகப் பரிமேலழகர் கொண்டது இவ்வடைவு நோக்கியே எனலாம்.

தந்தைக்கு இரு பாடங்கள்

முதற்பொருள், "பிள்ளையின் கல்வி உன் வீட்டுச் சொத்தன்று, உலகத்தின் உடைமை" என்று தந்தைக்கு உணர்த்துகிறது. இரண்டாம் பொருளோ, "உன்னைப் பிள்ளை விஞ்சட்டும்; அதனை ஏற்றுக்கொள்" என்கிறது. இரண்டும் தந்தையின் தன்முனைப்பைக் களைவன. இருபொருள் படுதல் இங்குக் குறளுக்குக் குறையன்று, வளமே.

இன்னொன்றும் கருதத்தக்கது. இவ்வதிகாரத்தின் முதற்குறளில் 'மக்கள்' என்னும் பெயர் பெண்ணொழித்து நின்றது என்பார் பரிமேலழகர். ஆயினும் அச்சொல் இருபாற்கும் பொதுவானது. கல்வி தேடுதல் முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்னும் நபிமொழியை அறிந்த நம் சமுதாயத்திற்கு, மக்கள் என்பதனுள் மகளும் அடங்குவாள் என்பதில் ஐயம் எழுதல் கூடாது. கையெழுத்து மட்டுமே அறிந்த ஒரு தந்தையின் மகள் குறளுக்குப் பொருள் உரைக்கிறாள் எனில், அக்குறள் அவ்விடத்திலேயே மெய்யாகிவிட்டது அன்றோ?

அம்மாணவியின் விடைத்தாளில் மதிப்பெண்ணைத் திருத்தினோம். அன்று முதல் இக்குறளை நடத்தும்போது இரு பொருளையும் கூறியே நடத்துகிறோம். மாணவரின் விடை நாம் அறிந்த உரையோடு மாறுபடும்போது அதனை அடித்துவிடும் முன், மூலத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் ஆசிரியர்க்கு அழகு. தம்மினும் அறிந்தவராய்த் தம் மாணவர் விளங்குதல் ஆசிரியர்க்கும் இனிதே.