மலைக்கிராமத்துக்குப் போகிறேன் என்கிறாள் மகள்

கேள்வி: என் மகள் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். மலைக்கிராமத்தில்தான் வேலை செய்வேன் என்கிறாள். வழி உண்டா?
— ஒரு தாய், சேலம்

பதில்: உண்டு, அம்மா. இந்தத் தொழில் பிறந்ததே டாக்டர்கள் போதாத குறையால்தான். 1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களை வைத்து முதல் வகுப்பைத் தொடங்கினார். இன்றும் அமெரிக்காவில் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளுக்குப் போகிறவர்களின் கல்விக் கடனை அடைக்க அரசே உதவுகிறது.

நம் நாட்டில் 1992-ல் டாக்டர் கே.எம். செரியன் சென்னையில் இதய அறுவைச் சிகிச்சைக்குத் துணையாக இந்தப் படிப்பைக் கொண்டுவந்தார். அதனாலேயே வேலைகள் பெரிய மருத்துவமனைகளில் குவிந்துவிட்டன. 2021-ல் வந்த மத்தியச் சட்டம் இத்தொழிலை மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இனி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவர்களுக்குப் பணியிடம் வேண்டும். அரசு இதில் தாமதிக்கக் கூடாது.

டாக்டரின் மேற்பார்வையில்தான் வேலை என்பதால், நல்ல டாக்டர்கள் தங்கியிருக்கும் இடமாகப் பாருங்கள். உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் பழங்குடியினர் மருத்துவமனை இருக்கிறது. கூடலூரிலும் ஒன்று உண்டு. முதலில் அந்த மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி, வேலை உண்டா என்று கேளுங்கள், மகளைத் தடுக்காதீர்கள்.