ஆழமில்லாக் கடலுக்கு எந்தப் பாய்மரப் படகு?

நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரையோரமாக நீளும் வாடன் கடலில், நீர் வற்றும்போது பல இடங்களில் தரையே வெளியே தெரியும். இங்கே ஓட்டப் படகு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது 'டிராஃப்ட்'. அதாவது, படகின் அடி நீருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பது. கேபின் அழகெல்லாம் அப்புறம்.

விற்பனைத் தாளில் உள்ள அளவைவிட, தண்ணீரும் டீசலும் ஆட்களும் ஏறிய படகு இன்னும் அமிழும். கீல் என்பது படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் தகடு போன்ற பகுதி. அது தூக்கி இறக்கும் வகை என்றால் தூக்கிய நிலை, இறக்கிய நிலை இரண்டையும் கேளுங்கள்.

2 மீட்டர் இறங்கும் ஒற்றைக் கீல், காற்றை எதிர்த்து நன்றாக முன்னேறும். ஆனால் நீர் வற்றினால் படகு சாய்ந்து படுத்துவிடும். இரட்டைக் கீல் படகு தரையில் நிமிர்ந்தே நிற்கும். காற்றை எதிர்த்துப் போவதில் சற்றுப் பின்தங்கும், பரவாயில்லை.

டச்சுக்காரர்களின் பழைய வழி, தட்டையான அடி. இருபுறமும் பலகைகள் தொங்கும். காற்று படாத பக்கத்துப் பலகையை இறக்கினால் படகு பக்கவாட்டில் நழுவாது. ஆழம் குறைந்தால் தூக்கிக்கொள்ளலாம்.

அடியில் இறக்கை விரிந்த கீல் இந்தச் சேற்றுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். சாதாரணக் கீல் தரைதட்டினால் படகைச் சாய்த்து விடுவிக்கலாம். இறக்கைக் கீல் படகைச் சாய்த்தால் ஒரு பக்க இறக்கை இன்னும் கீழே போகும்.

ஓத அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள்: கிழக்குக் காற்று பலமாக வீசினால் நீர்மட்டம் அது சொல்வதைவிடத் தாழும்.