வாயில் பழ வாசனையா? உஷார்!

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா, 14 வயது மகளைச் செங்கல்பட்டில் என்னிடம் அழைத்து வந்தார்.

"ஐயா, ரெண்டு நாளா வாந்தி. வயித்து வலிங்கறா. வாயைத் திறந்தா, அவங்கப்பா ஃபைபர் படகு வேலைக்கு பிரஷ் கழுவுற தண்ணி வாசனை அடிக்குதுங்க!"

தினமும் இன்சுலின் ஊசி போட்டு வந்த பெண். யாரோ சொன்னார்கள் என்று ஊசியை நிறுத்திவிட்டு, ஆவாரம்பூக் கஷாயம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு மருந்தும் தரவில்லை. உடனே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். பெண் பிழைத்தாள்.

அந்தத் தாயின் மூக்கு சொன்னது சரிதான். இரண்டு வாசனைக்கும் காரணம் ஒன்றே: அசிட்டோன்.

அசிட்டோன் என்பது என்ன?

கீட்டோன் வகைப் பொருள்களில் மிக எளிமையானது இது. நிறம் கிடையாது. தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். 56 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பெயிண்ட், பிசின், நகப்பூச்சு எல்லாவற்றையும் கரைக்கும். சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைக்காதீர்கள்.

உடம்பில் எப்படி வருகிறது?

இன்சுலின் இல்லாவிட்டால், ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் உடம்புக்குப் பயன்படாது. அதனால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அப்போது கல்லீரல் கீட்டோன்களை உண்டாக்குகிறது. அவை அளவு மீறினால் ரத்தம் அமிலமாகும், உயிருக்கே ஆபத்து. அவற்றில் ஒரு பகுதி அசிட்டோனாக மாறி மூச்சில் வெளியேறும். அதுதான் அந்த வாசனை.

1857-லேயே பெட்டர்ஸ் என்பவர் நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் அசிட்டோனைக் கண்டார். ஆனால் 1922-ல் இன்சுலின் சிகிச்சை வந்த பிறகுதான் இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்ற முடிந்தது.

நீரிழிவு இல்லாதவர் விரதம் இருந்தாலும் லேசாக இந்த வாசனை வரலாம். சாப்பிட்டால் போய்விடும். பயம் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

* அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு
* வாந்தி, வயிற்று வலி
* பெருமூச்சாக வேகமாக மூச்சு வாங்குதல்
* மயக்கம், குழப்பமான பேச்சு

நீரிழிவு உள்ளவருக்கு வாந்தியோ மூச்சு வாங்கலோ மயக்கமோ வந்தால், வாசனை தெரியாவிட்டாலும் தாமதிக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். எல்லார் மூக்குக்கும் அது தெரியாது. முன்பு நீரிழிவு இல்லாத குழந்தைக்கும் முதல் அறிகுறியே இப்படி வரலாம்.

மதுமேகத்துக்குச் சித்தத்தில் மருந்துகள் உண்டு. நானே தருகிறேன். ஆனால் இன்சுலின் தேவைப்படும் உடம்புக்குக் கஷாயம் அதற்கு மாற்று ஆகாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: டாக்டரைக் கேட்காமல் ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்!