தகரத் துண்டும் குலதெய்வமும்

இலங்கை மலையகத்துக்குத் தோட்டத் தொழிலாளராய் வந்த மூதாதை ஒருவர் தமிழகத்தில் எவ்வூரினர் என ஆராயப் புகுவோமாயின், நமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பெயரே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய தகரத் துண்டும் இங்குத் துணைசெய்யாது. கழுத்திலே தொங்கிய அத்துண்டிற் பொறித்த எழுத்தும் எண்ணும் அவர் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தைச் சுட்டின. புறப்பட்ட ஊரைச் சுட்டவில்லை. (பொதிக்கு ஒட்டும் முகவரி போலும்!)

கங்காணிமார் தம் ஊராரையும் உறவினரையுமே பெரிதும் திரட்டினராதலின், கங்காணியின் ஊரை விசாரித்தறிதல் நன்று. அதனினும் உறுதியானது குலதெய்வம். முனியாண்டி, கறுப்பர் என்னும் பொதுப்பெயர்கள் போதா. ஊர்ப்பெயரோடு ஒட்டிய தெய்வமாயின் வழி திறக்கும். பாட்டிமாரிடம் நம் மாணவர் கேட்டெழுதுவாராக.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ, தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையிலே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவற்றோரின் பேரர் பலர் அதனைக் காட்டவியலாது நாடற்றோராயினர்.