ஒரு பலகையில் எத்தனை துண்டுகள்?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக ஓடியது கட்டுமரம். அதற்கு வேண்டிய இலேசான மரம் அரிதாகி விலையும் ஏறவே, மாற்று வழி தேட வேண்டியதாயிற்று. 1980களின் தொடக்கத்தில் முட்டத்தில், பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையால் படகு கட்டத் தொடங்கினார்கள். இம்முயற்சியில் முன்னின்றவர்களில் பியர் ஜில்லே ஒருவர். பலகைத் துண்டுகளை அளவாக வெட்டி, ஓரங்களைத் தைத்து, கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு ஒட்டுவது இவ்வகைப் படகு கட்டும் முறை.

கடல்நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை விலை மிகுந்தது. மூலையில் வீசி எறியும் துண்டும் காசு கொடுத்து வாங்கியதுதான். அந்தக் காசு கடைசியில் படகு வாங்கும் மீனவரின் கடனில் போய்ச் சேரும். ஆகவே, ஒரு பலகையில் துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டுவது என்பது படகுத்துறையில் சிறிய கேள்வி அன்று. பொறியியலார் இதை ‘நெஸ்டிங்’ என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ‘எட்டுக்கு நாலு’ என்று கடையில் கேட்டு வாங்கும் பலகையின் அளவு 2440 மி.மீ. × 1220 மி.மீ. இதில் முக்கோண வடிவமான மூலைத் தாங்கிகள் வெட்ட வேண்டும். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 400, 300 மி.மீ. எனக் கொள்வோம்.

முக்கோணம் ஒன்றுக்கு ஒரு செவ்வகம் ஒதுக்கினால் நீளத்தில் 6, அகலத்தில் 4, ஆக 24 தாங்கிகள். பலகையில் பாதிக்கு மேல் வீண்! ஒரு முக்கோணத்தைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றோடு சேர்த்தால், அதே செவ்வகத்தில் இரண்டு அடங்கும். 48 தாங்கிகள் கிடைத்துவிட்டன என்று மகிழ்கிறீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். வாள் தான் போகும் வழியில் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். அந்தத் தடம் 3 மி.மீ. என்றால், இரு முக்கோணங்களின் சாய்ந்த பக்கங்களுக்கு இடையே 3 மி.மீ. விட வேண்டும். அதற்காக ஒன்றைப் பக்கவாட்டில் நகர்த்தினால் 5 மி.மீ. நகர்த்த வேண்டும், செவ்வகத்தின் நீளம் 405 ஆகும். ஆறு செவ்வகங்களுக்கு 2430, நடுவே ஐந்து வெட்டுகளுக்கு 15, ஆக 2445. பலகையோ 2440தான்! மேல்நோக்கி மட்டும் நகர்த்தினாலோ அகலம் போதாது. பக்கவாட்டில் 4, மேலே 1 என இருபுறமும் சிறிது நகர்த்திப் பாருங்கள். நீளம் 2439, அகலம் 1213. 48-ம் அடங்கிவிடும்.

நேர்க்கோட்டுத் துண்டுக்கே இவ்வளவு பாடு. படகின் பக்கப் பலகைகளோ வளைந்தவை. அவற்றை ஏத்தன் பழச்சீப்புபோல ஒரே வளைவாக ஒன்றையொட்டி ஒன்று அடுக்கினால் இடம் மிச்சமாகும். ஆனால் மர இழையின் போக்கு குறுக்கே நிற்கும்: ஒட்டுப்பலகைக்கு மேலிழை ஓடும் திசையில் வலு அதிகம்; இடம் கிடைக்கிறதே என்று துண்டைக் குறுக்கே திருப்பிவிட முடியாது. வெல்வெட் துணி வெட்டும் தையற்காரருக்குத் தலைகீழாகத் திருப்பும் உரிமைகூட இல்லை.

இதைக் கணிப்பொறியிடம் விட்டுவிடலாமே என்பீர்கள். வெவ்வேறு வடிவான 10 துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் வரிசைகள் 36,28,800. ஒவ்வொன்றையும் நான்கு வாட்டத்தில் திருப்பலாம் என்றால், மொத்தம் சுமார் 3.8 லட்சம் கோடி வழிகள். நொடிக்குப் பத்து லட்சம் வழிகளைச் சோதித்தாலும் 44 நாட்கள் ஆகும். ஆகவே மென்பொருள் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. பெரிய துண்டு முதலில், ஒவ்வொன்றும் கீழே இடப்பக்கம் கிடைத்த முதல் இடத்தில் என்று ஓர் அடுக்கு போடும். பிறகு இரண்டை இடம் மாற்றிப் பார்த்து, மிச்சம் கூடினால் வைத்துக்கொள்ளும். நல்ல விடை கிடைக்கும். அதுவே மிகச் சிறந்தது என்ற உறுதி கிடைக்காது. அனுபவமுள்ள ஆசாரி கண்ணால் செய்வதும் ஏறக்குறைய இதையேதான்.

இதில் ஒரு வேடிக்கை. ரஷ்யக் கணித அறிஞர் கன்டரோவிச்சிடம் 1938இல் உற்பத்திக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தவர்களும் ஒட்டுப்பலகைத் தொழிலைச் சேர்ந்தவர்களே! 1939இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் வெட்டுச்சேதம் குறைக்கும் கணக்கும் உண்டு. 1975இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அடுக்கியாயிற்று, இனி, எந்த வரிசையில் வெட்டுவது? பெரிய ஆலைகளில் கணிப்பொறி இயக்கும் வெட்டு இயந்திரம், துண்டுக்குள் இருக்கும் துளைகளை முதலில் வெட்டி, வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்டும். ஓரம் முதலில் அறுந்தால் துண்டு தளர்ந்து நகரும். பிறகு இடும் துளை இடம் மாறிவிடும். வெட்டாமல் வெறுமனே காற்றில் நகரும் தூரத்தையும் மென்பொருள் குறைக்கப் பார்க்கும். அடுத்தடுத்த துண்டுகள் ஒரே வெட்டுக்கோட்டைப் பகிர்ந்துகொண்டால் இன்னும் லாபம். நம் முக்கோணத்தின் சுற்றளவு 1200 மி.மீ. 48-ஐயும் தனித்தனியே சுற்றி வெட்டினால் 57.6 மீட்டர். பொதுக்கோடாக வெட்டினால் 30 மீட்டருக்குள் முடிந்துவிடும்.

அந்த இயந்திரத்தில் வாளுக்குப் பதில் 6 மி.மீ. விட்டமுள்ள சுழலும் வெட்டுமுனை இருக்கிறது என்று கொள்ளுங்கள். தடமும் 6 மி.மீ. ஆகிவிடும். இதே அடுக்கில் 48 தாங்கிகளும் அடங்குமா? அட்டையில் முக்கோணங்கள் வெட்டி வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்.